வீட்டு அட்வான்ஸில் 62,000 பிடிக்கிறார் ஓனர்: பெயிண்டிங் செலவு யார் தலையில்?

வேளச்சேரிவாசி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். வேளச்சேரியில் இரண்டு பெட்ரூம் வீட்டில் மூன்று வருடம் குடியிருந்தோம். வாடகை 18,000, அட்வான்ஸ் ஒன்றரை லட்சம். வாடகை ஒரு மாதம்கூடத் தள்ளிப் போனதில்லை. இரண்டு மாதம் முன்பே சொல்லிவிட்டு, போன மாதக் கடைசியில் காலி செய்து சாவியையும் கொடுத்துவிட்டோம்.

சாவி வாங்கும்போது வீட்டைச் சுற்றிப் பார்த்த ஓனர், "நல்லாத்தான் வச்சிருக்கீங்க" என்றார். அப்புறம் கொஞ்ச நாள் சத்தமே இல்லை. திடீரென்று வாட்ஸ்அப்பில் ஒரு கணக்கு வந்தது. பெயிண்டிங் 35,000. பாத்ரூம் கதவு உப்பியதற்கு 8,000. மோட்டார் ரிப்பேர் 10,000. கிளீனிங் 5,000. ஈ.பி. 4,000. ஆக 62,000 போக மீதி 88,000. அதையும் இப்போது தர மாட்டாராம், "அடுத்த ஆள் வந்ததும் தர்றேன்" என்கிறார்.

அக்ரிமென்ட் 11 மாதத்துக்குப் போட்டது, அதற்குப் பிறகு புதுப்பிக்கவில்லை. பதிவும் கிடையாது. "காலி செய்யும்போது பெயிண்டிங் செலவு வாடகைதாரரைச் சேர்ந்தது" என்று அதில் ஒரு வரி இருக்கிறது, தொகை எதுவும் போடவில்லை. புது வீட்டு அட்வான்ஸுக்காக நகையை அடகு வைத்திருக்கிறேன், வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. என்ன செய்யலாம் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சும்மாவந்தேன்

சாவியைக் கொடுத்துவிட்டு வந்து இங்கே கேட்கிறீர்களே சார். கடைசி ஏழெட்டு மாதம் வாடகை கொடுக்காமல் "அட்வான்ஸில் கழிச்சுக்குங்க" என்று உட்கார்ந்திருக்க வேண்டும். நான் எந்த வீட்டிலும் அப்படித்தான்.

மாடிவீட்டுக்காரர்

இவரைப் போன்றவர்களுக்குப் பயந்துதான் நாங்கள் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறோம். என் கீழ் போர்ஷனில் இருந்த ஒரு குடும்பம் ஆறு மாதம் வாடகை கொடுக்கவில்லை. போகும்போது ஈ.பி. பாக்கி, உடைந்த வாஷ்பேசின், சமையலறைச் சுவர் முழுக்க எண்ணெய்க் கறை. அட்வான்ஸையும் தாண்டி எனக்குக் கைநஷ்டம். ரிட்டையர் ஆனவன் நான், அந்த வாடகையில்தான் மருந்துச் செலவு. ஓனர் என்றாலே பணமூட்டை என்று நினைக்காதீர்கள்.

வேளச்சேரிவாசி தம்பி, உங்கள் ஓனர் போட்ட கணக்கில் மோட்டார் எனக்கே புரியவில்லை. தனி வீடா, பிளாட்டா?

வேளச்சேரிவாசி

நாலு வீடு உள்ள பில்டிங் சார். ஒரே மோட்டார், எல்லோருக்கும் பொது. நாங்கள் காலி செய்த வாரம் காயில் போய்விட்டதாம்.

மாடிவீட்டுக்காரர்

அப்படியென்றால் அது உங்கள் தலையில் வராது. நானும் ஓனர்தான், நானே சொல்கிறேன்.

கோர்ட்டுவாசல்

வழக்கறிஞர் அலுவலகத்தில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். பொதுவாகச் சொல்கிறேன். கேஸ் என்று போனால் ஒரு வக்கீலிடம் காகிதங்களைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் 1960ஆம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. 2017இல் புதுச் சட்டம் நிறைவேறி, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதில் அட்வான்ஸைப் பற்றி இரண்டு விஷயம் இருக்கிறது. மூன்று மாத வாடகைக்கு மேல் டெபாசிட் வாங்கக் கூடாது என்பது ஒன்று. உடனே சந்தோஷப்படாதீர்கள், "ஒப்பந்தத்தில் வேறுவிதமாக ஒத்துக்கொண்டிருந்தால் தவிர" என்று அதற்கு ஒரு வாசலும் வைத்திருக்கிறார்கள். அந்த வாசல் வழியாகத்தான் சென்னையில் இன்னும் ஆறு மாதம், பத்து மாதம் எல்லாம் நுழைகிறது. இரண்டாவதுதான் உங்களுக்கு வேண்டியது: வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டியது ஏதாவது இருந்தால் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். அடுத்த ஆள் வரும்வரை வைத்திருக்கலாம் என்று எங்கேயும் இல்லை.

பெயிண்டிங்குக்கு வருவோம். எந்தப் பராமரிப்பு யாருடைய பொறுப்பு என்று அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் பிரித்துப் போட்டிருக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், குழாய் லைன் மாற்றுவது, வயரிங், கட்டடத்தின் பெரிய ரிப்பேர் எல்லாம் ஓனர் பக்கம். குழாய் வாஷர், சுவிட்ச், பிளக் பாயின்ட், கீசர், வாஷ்பேசின் ரிப்பேர், பூட்டு, கைப்பிடி, கொசுவலை, ஜன்னல் கண்ணாடி இவையெல்லாம் குடியிருப்பவர் பக்கம். சாதாரணப் புழக்கத்தில் வரும் தேய்மானத்துக்கு யாரும் பணம் கேட்க முடியாது. மூன்று வருடத்தில் சுவர் மங்குவது தேய்மானம். பிள்ளை கிரேயானில் கிறுக்கியிருந்தால் அது வேறு கதை.

ஆனால் நீங்கள் கையெழுத்துப் போட்ட அந்த ஒரு வரி இருக்கிறதே, எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் அதைத்தான் தூக்கிக் காட்டுவார். அதனால் பெயிண்டிங்கில் பைசா தர மாட்டேன் என்று நிற்பதைவிட, நியாயமான தொகை எது என்று பேசுவது நல்லது.

@சும்மாவந்தேன், "கழிச்சுக்குங்க" என்பது அவ்வளவு சுலபமில்லை. பழைய சட்டத்தில் ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்குவதே தவறு. அதனால் அதிகப்படி பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு "வாடகை பாக்கி" என்று காலி செய்யச் சொல்ல முடியாது என்று 1996இல் சென்னை வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஊரெல்லாம் இன்னும் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். இப்போது சட்டமே மாறிவிட்டது. வாடகையை நிறுத்தினால் பாக்கி வைத்தவர் என்று உங்கள் மேலேயே மனு போடலாம். கழிப்பதாக இருந்தால் ஓனரிடம் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள், வாட்ஸ்அப்பில் "சரி" என்று ஒரு பதிலாவது இருக்கட்டும்.

புரோக்கர்பாய்

சட்டம் எல்லாம் சரிதான் சார். நடப்பை நான் சொல்கிறேன், மேடவாக்கம் பக்கம் இருபது வருடமாக வீடு பார்த்துக் கொடுப்பவன்.

அட்வான்ஸ் பணம் ஓனரிடம் இருக்கவே இருக்காது. நீங்கள் கொடுத்த அன்றைக்கே அதில் பாதி, காலி செய்து போன ஆளுக்குப் போயிருக்கும். மீதி பெண்ணின் காலேஜ் ஃபீஸ், மாடி கட்டின பாக்கி, வங்கித் தவணை என்று கரைந்திருக்கும். நீங்கள் காலி செய்யும்போது அடுத்த ஆள் கொடுப்பதைத்தான் உங்களுக்குத் தருவார். வீட்டுக்கு வீடு சங்கிலி மாதிரி போய்க்கொண்டே இருக்கும். வீடு ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் சங்கிலி அறுந்தது. அப்போதுதான் பெயிண்டிங், கிளீனிங், மோட்டார் என்று கணக்கு முளைக்கும். பாதிப்பேருக்குக் கெட்ட எண்ணம் கிடையாது, காசு இல்லை, அவ்வளவுதான். அதை வெளியே சொல்ல மானம் தடுக்கும்.

அதனால் நோட்டீஸ் கொடுத்த அன்றே ஓனரை உட்கார வைத்துப் பேசிவிட வேண்டும். வீடு பார்க்க வருகிறவர்களுக்கு முகம் சுளிக்காமல் கதவைத் திறந்துவிடுங்கள். புது ஆள் டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கும் நாளில் பக்கத்தில் நில்லுங்கள். மீதிப் பணம் வரும்போது ஒரு கையில் சாவி, ஒரு கையில் பணம். சாவியை முதலில் கொடுத்துவிட்டு வெறும் கையோடு போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கோர்ட்டுவாசல்

பாய் சொல்வதில் ஒரு திருத்தம். பணம் வரவில்லை என்று சாவியைப் பிடித்து வைத்துக்கொண்டால், வீடு இன்னும் உங்கள் வசம் இருப்பதாக வைத்து அந்த நாட்களுக்கும் வாடகை கேட்பார்கள். சட்டம் அதிகமாகவும் கேட்க வழி வைத்திருக்கிறது. இதைப் பேரத்துக்கு ஒரு நாள், இரண்டு நாள் பயன்படுத்தலாம், மாதக்கணக்கில் வேண்டாம்.

புரோக்கர்பாய்

அதுவும் சரிதான். ஒரு சாயங்காலம் போதும் என்றுதான் நானும் சொல்கிறேன்.

சுண்ணாம்புவாளி

பெயிண்டிங் கான்ட்ராக்ட் எடுப்பவன் நான். வீடு எத்தனை சதுர அடி சார்?

வேளச்சேரிவாசி

சுமார் 800. நாங்கள் வரும்போதும் புதுப் பெயிண்ட் இல்லை, டச்-அப் செய்து கொடுத்தார்கள்.

சுண்ணாம்புவாளி

800 என்றால் சுவரும் சீலிங்கும் சேர்த்து அதைப்போல மூன்று, மூன்றரை மடங்கு பரப்பு வரும். 35,000 என்பது சுரண்டி, பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, நல்ல எமல்ஷன் இரண்டு கோட் போடுகிற ரேட். அதாவது அடுத்த ஆளிடம் வாடகையை ஏற்றுவதற்காகச் செய்கிற வேலை. இருந்த நிலைக்குக் கொண்டுவர அதில் பாதிகூட ஆகாது. ஆணி ஓட்டை அடைப்பதெல்லாம் ஒரு ஆள் அரை நாள் வேலை. ஓனரிடம் பில் கேளுங்கள். கொட்டேஷன் வேண்டாம், வேலை முடிந்த பில். பெயிண்டே அடிக்காமல் பெயிண்டிங் காசு பிடித்த வீடு எத்தனையோ எனக்குத் தெரியும்.

அம்பத்தூர்அக்கா

ஒன்றரை லட்சத்துக்கே இப்படி இருக்கிறதே, லீஸுக்குப் போனவர்கள் கதையைக் கேட்டால் தூக்கம் வராது. மாத வாடகை வேண்டாம், மொத்தமாக எட்டு லட்சம் கொடுங்கள், மூன்று வருடம் கழித்து முழுசாகத் திருப்பித் தருகிறோம் என்றார்கள். வாடகை மிச்சமாகிறதே என்று என் கணவருக்கு வந்த பி.எஃப். பணத்தைக் கொடுத்தோம். இரண்டாவது வருடம் கதவில் வங்கி நோட்டீஸ் ஒட்டினார்கள். ஓனர் கடன் கட்டவில்லை, வீடு ஏலத்துக்குப் போகிறது. எங்கள் பணத்துக்கு வங்கி என்ன செய்யும்? "நீங்க அவர்கிட்டதான் கேக்கணும்" என்று சொல்லிவிட்டார்கள்.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். மனு வாங்கி சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள், "சிவில் மேட்டர்மா" என்றார்கள். ஓனரைக் கூப்பிட்டுப் பேசினதில் பாதிப் பணம் தவணையாக வந்தது. மிச்சத்துக்கு வழக்கு நடக்கிறது.

லீஸுக்குப் போகிறவர்கள் தயவுசெய்து முதலில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பதிவுத் துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கியிருந்தால் பெரும்பாலும் அதில் தெரிந்துவிடும். நாங்கள் பார்க்கவில்லை, "நம்ம சொந்தக்காரங்கதான்" என்று ஒருவர் சொன்னதை நம்பினோம்.

கோர்ட்டுவாசல்

அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்படி லீஸுக்கு மொத்தமாகப் பணம் கொடுப்பதைப் போக்கியம் என்று எழுதினால் அது சட்டப்படி ஒரு வகை அடமானம். நூறு ரூபாய்க்கு மேல் இருந்தாலே பதிவு செய்ய வேண்டும் என்று 1882ஆம் வருடச் சொத்து மாற்றுச் சட்டத்திலேயே இருக்கிறது. பதிவாகியிருந்தால் வில்லங்கத்தில் உங்கள் பெயரும் வரும், பின்னால் வாங்குகிறவர் எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. சும்மா ஸ்டாம்ப் பேப்பரில் டைப் அடித்து நோட்டரி முத்திரை குத்திக்கொண்டால் பணம் கொடுத்ததற்கு ஒரு சாட்சி, அதற்கு மேல் பலம் இல்லை. பதிவுச் செலவை மிச்சம் பிடிக்கிறேன் என்று எட்டு லட்சத்தைத் தூக்கிக் கொடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

குரோய்டன்காரன்

நான் இங்கிலாந்தில வாடகைக்கு இருக்கிறன். இங்கே 2007 ஏப்ரல் முதல் ஓனர் டெபாசிட்டைத் தன்ர இஷ்டத்துக்கு வைத்திருக்க ஏலாது. அரசாங்கம் அங்கீகரித்த திட்டம் ஒன்றில முப்பது நாளுக்குள்ள பதிய வேணும். பதியாவிட்டால் கோர்ட்டு டெபாசிட்டைப் போல ஒன்றிலிருந்து மூன்று மடங்கு வரைக்கும் அபராதம் போடலாம். 2019க்குப் பிறகு சாதாரண வீடுகளுக்கு ஐந்து கிழமை (வாரம்) வாடகைக்கு மேல வாங்கவும் ஏலாது. பிரச்சினை வந்தால் திட்டத்துக்குள்ளேயே ஒரு நடுவர் இரண்டு பக்கப் படங்களையும் பார்த்துத் தீர்ப்பு சொல்லுவார், அதுக்குக் கட்டணம் இல்லை. ஓனர்தான் நிரூபிக்க வேணும். பழைய கார்ப்பெட்டுக்குப் புதுக் கார்ப்பெட் விலை கேட்டால் கணக்கெடுக்க மாட்டினம்.

அதற்காக இங்கே சண்டையே இல்லை என்று நினைக்க வேண்டாம். அடுப்பு சரியாகத் துடைக்கவில்லை என்று எனக்கு ஒருமுறை டெபாசிட்டில வெட்டினவை.

புரோக்கர்பாய்

பணத்தை மூன்றாவது ஆளிடம் கொடுத்து வைப்பதா? இங்கே அந்தச் சட்டம் வந்தால் முதல் வாரமே பாதி வீட்டில் டூலெட் போர்டைக் கழற்றிவிடுவார்கள் அண்ணே.

சும்மாவந்தேன்

மத்திய அரசு ஏதோ இரண்டு மாதம்தான் என்று சட்டம் போட்டதே?

கோர்ட்டுவாசல்

அது மாதிரிச் சட்டம். 2021 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. குடியிருப்புக்கு இரண்டு மாத வாடகை, கடைக்கு ஆறு மாதம் என்று உச்சவரம்பு. மாநிலங்கள் தங்கள் சட்டத்தில் கொண்டுவந்தால்தான் செல்லும். நமக்கு 2017ஆம் வருடச் சட்டம்தான்.

மாடிவீட்டுக்காரர்

இரண்டு மாதம் போதாது சார். ஒருவரைக் காலி செய்ய வைக்கக் கோர்ட்டில் வருடக்கணக்கில் அலைய வேண்டியிருக்கிறது. அந்த வழக்கு மூன்று மாதத்தில் முடியும் என்று யாராவது உத்தரவாதம் கொடுத்தால், நான் நாளைக்கே இரண்டு மாத அட்வான்ஸில் வீடு விடுகிறேன்.

வேளச்சேரிவாசிக்கு என் அபிப்பிராயம். பாத்ரூம் கதவு பிளைவுட்டாக இருந்தால் தண்ணீர் பட்டு உப்பத்தான் செய்யும், ஆனால் எப்போதும் ஈரமாக விட்டால் சீக்கிரம் உப்பும். அதில் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். ஈ.பி.யில் விட்டுக்கொடுக்காதீர்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுப்பதால் நீங்கள் போன பிறகு வரும் பில்லில் உங்கள் யூனிட்டும் இருக்கும், அது நியாயம். ஆனால் காலி செய்த அன்று மீட்டரில் என்ன இருந்தது?

வேளச்சேரிவாசி

அதிர்ஷ்டவசமாக மனைவி மீட்டரைப் படம் எடுத்து வைத்திருக்கிறாள். ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுத்திருக்கிறாள். எனக்கே இன்றைக்குத்தான் தெரியும்.

அம்பத்தூர்அக்கா

அந்தப் பெண்ணையே ஓனரிடம் பேசச் சொல்லுங்கள் தம்பி.

கோர்ட்டுவாசல்

வீடியோ இருக்கிறதென்றால் உங்கள் கை ஓங்கிவிட்டது. இப்படிச் செய்யுங்கள். முதலில் மரியாதையாக ஒரு மெசேஜ், ஒவ்வொரு தொகைக்கும் பில் கேட்டு. மோட்டார் பொது என்பதையும், மீட்டர் படத்தையும் அதிலேயே போட்டுவிடுங்கள். பதில் சரியில்லை என்றால் ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் வக்கீல் நோட்டீஸ். பெரும்பாலான விவகாரம் இந்த இடத்திலேயே முடிந்துவிடும், ஏனென்றால் பதில் நோட்டீஸ் அனுப்ப அவரும் வக்கீலுக்குக் காசு கொடுக்க வேண்டும்.

அதற்கு மேலும் போனால், புதுச் சட்டத்தில் துணை ஆட்சியர் நிலையில் வாடகை அதிகாரி, அப்புறம் வாடகை நீதிமன்றம் என்று அமைப்பு இருக்கிறது. ஆனால் எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தை அந்த அதிகாரியிடம் பதிந்து எண் வாங்கியிருக்க வேண்டும், உங்களிடம் அது இல்லை. அங்கே போனால் முதல் கேள்வியே அதுதான். பணம் வசூலிக்க சிவில் வழக்கு என்றால் மூன்று வருடக் காலக்கெடு இருக்கிறது, அவசரமில்லை. அதைவிட, சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனு கொடுத்துப் பாருங்கள். இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். 15100 என்ற எண்ணில் விசாரிக்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு, உங்கள் மனைவி பெயரும் அக்ரிமென்ட்டில் இருந்தால் இன்னும் நல்லது.

புதிதாகக் குடிபோகும் யாராவது இதைப் படித்தால், ஒப்பந்தம் போட்ட 90 நாளுக்குள் பதிந்துவிடுங்கள். இணையத்திலேயே செய்யலாம். ஓனர் தயங்குவார், வரிக் கணக்கில் வந்துவிடுமோ என்று பயம். நீங்களாவது கேட்டதற்கு எழுத்தில் ஒரு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

வேளச்சேரிவாசி

எல்லோருக்கும் நன்றி. பில் கேட்டு மெசேஜ் அனுப்பினேன். இரண்டு நாள் பதிலே இல்லை. அப்புறம் அவருடைய மகன் போன் செய்தார், நேரில் வரச் சொன்னார். மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன்.

மோட்டாரை உடனே விட்டுவிட்டார்கள். கிளீனிங்கையும் விட்டுவிட்டார்கள், வீடியோவைப் பார்த்த பிறகு பேச்சே எழவில்லை. ஈ.பி. மீட்டர் கணக்குப்படி 2,340. கதவுக்கு 3,000 நாங்களாகவே ஒத்துக்கொண்டோம். பெயிண்டிங்கில்தான் இழுபறி. அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். சுண்ணாம்புவாளி சொன்ன கணக்கை நான் எடுத்துவிட்டேன். கடைசியில் 15,000. ஆக 20,340 போக 1,29,660 தர வேண்டும்.

பாய் சொன்னது அப்படியே பலித்தது. கையில் பணம் இல்லை என்று அவரே வாய்விட்டுச் சொல்லிவிட்டார், பாவமாகத்தான் இருந்தது. 79,660 வங்கியில் போட்டுவிட்டார், மீதி 50,000க்கு அடுத்த மாதத் தேதி போட்டு செக் கொடுத்திருக்கிறார். செக்கை நம்பலாமா?

சும்மாவந்தேன்

பெயிண்டிங்கில் 15,000 கொடுத்திருக்கக் கூடாது.

மாடிவீட்டுக்காரர்

நியாயமான முடிவு. அவருக்கும் மனசு ஆறியிருக்கும்.

கோர்ட்டுவாசல்

செக் நல்லதுதான், வெறும் வாய்வார்த்தையைவிடப் பல மடங்கு மேல். எதற்காகக் கொடுக்கிறார் என்று, செக் நம்பரையும் போட்டு, ஒரு வெள்ளைத்தாளில் அவர் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். செக்கில் உள்ள தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். திரும்பி வந்தால், வங்கியிடமிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்புங்கள். நோட்டீஸ் அவர் கைக்குப் போன 15 நாளில் பணம் வரவில்லை என்றால் அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார் கொடுக்கலாம். அது கிரிமினல் வழக்கு, 138ஆம் பிரிவு என்றாலே எல்லோருக்கும் கொஞ்சம் நடுக்கம். இந்தத் தேதிகளில் ஒன்று தவறினாலும் சிக்கல்தான், அதனால் காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வேளச்சேரிவாசி

குறித்துக்கொண்டேன் சார். இன்றைக்கே போய் அந்தக் காகிதத்தையும் வாங்கிவிடுகிறேன். புது வீட்டு அக்ரிமென்ட் இன்னும் கையெழுத்தாகவில்லை. அதிலும் "பெயிண்டிங் ஒரு மாத வாடகை" என்று போட்டிருக்கிறார்கள். "சேதம் இருந்தால் மட்டும், பில்லுக்கு உட்பட்டு" என்று மாற்றச் சொல்லியிருக்கிறோம். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார் அந்த அம்மா.